ஒரு லோரி டிரைவருக்கு எத்தனை வியாதி?

தங்கராஜு அண்ணனுக்கு மாதவிலக்குக் கோளாறு.

நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொன்னது. அதோடு விட்டதா? பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போது வருமே, அந்தக் காய்ச்சல்... இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி... மூச்சிரைப்பு... அம்மை... எல்லாம் அண்ணனுக்கு இருக்கிறதாம். பிரின்டர் 'கிர்ர் கிர்ர்' என்று கத்திக்கொண்டே பக்கத்தைத் தள்ளுகிறது. முறுக்கு மீசை, தொண்ணூறு கிலோ உடம்பு, கையில் லோரி சாவி - அண்ணன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன தம்பி, இன்னும் முடியலயா? எனக்கு ஒரு கடுதாசிதானே கேட்டேன். உன் மிஷினு புஸ்தகம் போடுது?"

இது நடந்தது மூன்று மாதத்திற்கு முன்பு. முடிவு தெரியாமல் எழுதக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று முடிவு தெரிந்தது. இதோ எழுதுகிறேன். (பெயர்களை மாற்றிவிட்டேன். "மாத்துறதுதான் மாத்துற, நல்ல பேரா வை" என்று அண்ணன் உத்தரவு.)

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடி. அங்கே ஒரு சின்ன கம்பெனி. கிளினிக்குகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. நான் காலையில் பசியாறியதும் என் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்தேன் என்றால் அம்பாங், செந்தூல், கிள்ளான் என்று எங்காவது ஒரு கிளினிக்கில் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் செருகிக்கொண்டிருப்பேன்.

"ஊசி போடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று போன வருடம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எதற்கா? ஒரு நோயாளியின் கார்டைத் தேட கவுண்டரில் இருக்கும் அக்கா அலமாரி மேல் ஏறி இறங்குவதற்குள் அவருக்குக் காய்ச்சலே விட்டுப் போய்விடும் - இப்போது பெயரைத் தட்டினால் போதும், திரையில் பச்சை எழுத்தில் ஆள் வந்து நிற்கிறார். எந்த மருந்து தீரப் போகிறது, எது காலாவதியாகப் போகிறது, எல்லாம் அதுவே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை டாக்டர் தவறிப்போய் எழுதினால், 'பீப்' என்று கத்தி நிறுத்துகிறது. அந்த ஒரு பீப்புக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன். டாக்டருக்குக் களைப்பு வரும், மறதி வரும். இதற்கு வராது.

இப்படியெல்லாம் பேசிப் பேசித்தான் கிள்ளானில் அந்த டாக்டரைச் சம்மதிக்க வைத்தேன். டாக்டர் ஜெயசீலன். மெதடிஸ்ட் குடும்பம், மெதுவான பேச்சு, இருபது வருட கிளினிக். அவரிடம் மருந்து எடுத்துக் கொடுப்பவர் மேரி அக்கா. வேகமான கை, அதைவிட வேகமான வாய். பழைய கார்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற வாரத்தில்தான் தங்கராஜு அண்ணன் வந்தார்.

அண்ணன் காப்பாரில் குடியிருப்பவர். ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் லோரி டிரைவர். ஜோகூர், கிளந்தான் என்று தூரத்து ஓட்டம். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர் மனைவி பார்வதி அக்காவுக்கோ மூச்சிரைப்பு. ராத்திரியில் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஒரு தடவை தட்டியும் யாரும் எழவில்லை. அப்போது அண்ணன் எங்கேயோ மெர்சிங் பக்கம் லோரியில் படுத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. தொழிற்சாலையின் டேங்கர், காப்பாருக்கும் துறைமுகத்துக்கும் மட்டும் ஓடுவது. காலையில் போனால் சாயங்காலம் வீடு. அந்த வேலை காலியாகி, கம்பெனியும் இவரையே கூப்பிட்டுவிட்டது. ஒரே நிபந்தனை. டேங்கர் ஓட்டுகிறவர் நோய்நொடி இல்லாதவராக இருக்க வேண்டும். கம்பெனி பணம் கட்டுகிற பேனல் கிளினிக்கிலிருந்து, அதாவது நம் டாக்டரிடமிருந்து, அவருடைய மருத்துவ விவரம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

அந்த விவரம்தான் பிரின்டரிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் தாளைக் கிழித்துப் பார்த்தார். அண்ணனை உள்ளே கூப்பிட்டார். மேரி அக்கா கூப்பிடாமலே வந்தார். நானும் போனேன்.

"தங்கராஜு, இதப் பாத்தா நீ உயிரோட இருக்கிறதே அதிசயம்பா."

அண்ணன் தாளை வாங்கிப் படித்தார். மீசை துடித்தது. "பென்சிலின் ஒத்துக்காதா? எனக்கா? டாக்டர், இது பார்வதியோடதுல்ல! இனிப்பு நீரு எம் மாமனாரோடது. இந்தப் பல்லு காய்ச்சல்... எம் பொண்ணுக்கு வந்தது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேரி அக்காதான் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, நீ பேனல் கார்டு பாத்ததே இல்லையா?"

தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. எனக்குப் புதிது. கம்பெனி தன் தொழிலாளிக்கு மட்டும்தான் மருத்துவச் செலவு தருகிறது. பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை. ஆனால் காய்ச்சல் அப்படிப் பார்த்தா வருகிறது? அதனால் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அப்பாவின் கார்டு. பார்வதி அக்கா மூச்சிரைப்போடு வந்து உட்காருவார். டாக்டர் அவருக்குச் சோதனை செய்வார். மருந்து கொடுப்பார். எழுதுவது மட்டும் 'தங்கராஜு'. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகள் வீட்டில் இருக்கும் மாமனாருக்கும் அதே கார்டு.

"தப்புன்னு தெரியாமலா எழுதினீங்க, டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியும். மூச்சு வாங்கிட்டு ஒரு பொண்ணு முன்னால உக்காந்திருக்கும்போது என்ன பண்ணச் சொல்ற?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "குழப்பமே வந்ததில்லப்பா. இன்ஹேலர்னு எழுதியிருந்தா அது பார்வதி. சர்க்கரை மாத்திரைன்னா பெரியவர். எனக்குத் தெரியுமே."

அதுதான் விஷயம். அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும். கார்டில் ஒரு வார்த்தை இல்லை, ஒரு புள்ளி இல்லை. எது யாருடையது என்பது இருபது வருடமாக ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. நாங்கள் ஏற்றியது கார்டை. தலையை எப்படி ஏற்றுவது?

"இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?" மேரி அக்கா என் பக்கம் திரும்பினார். "உன் கம்ப்யூட்டர்ல அழிக்கிறதுக்கு ஒரு பட்டன் இருக்குன்னு நீதானே காட்டுன? அமுக்குலா, தம்பி. அண்ணன் வேலைக்குப் போகட்டும்."

"ஆமா பாஸ், அமுக்கிடு" என்றார் அண்ணன். எனக்குத் தம்பியிலிருந்து பாஸுக்குப் பதவி உயர்வு.

உண்மைதான், இருக்கிறது. ஒரு பட்டன். விரல் வைத்தால் எல்லாம் சுத்தம். அண்ணன் டேங்கரில் ஏறிவிடலாம். நான் கையை வைக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல... அந்தத் தாளில் இருந்த ஒரு வரி கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது.

பென்சிலின்.

"டாக்டர், நீங்க லீவுல போய், வேற டாக்டர் வந்து உக்காந்தா? பார்வதி அக்கா சொந்தப் பேர்ல வந்தா மிஷின் கத்தாது. அண்ணன் பேர்ல வந்தாத்தான் கத்தும்."

யோசித்துப் பாருங்கள். என் அருமைக் கம்ப்யூட்டர், பென்சிலின் ஒத்துக்கொள்கிற தங்கராஜு அண்ணனை அதிலிருந்து கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! ஒத்துக்கொள்ளாத பார்வதி அக்காவைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அழித்துவிட்டாலோ யாரைப் பற்றியும் தெரியாது. மாமனாரின் இத்தனை வருட சர்க்கரைக் கணக்கும் போய்விடும்.

"அழிக்க மாட்டேன்" என்றேன். "பிரிச்சித் தரேன். வீட்ல எத்தனை பேரோ அத்தனை ஃபைல். யாரோட வியாதி யாருக்குன்னு அவங்கவங்க வந்து சொல்லட்டும்."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்? "பிரிச்சா கம்பெனிக்குத் தெரிஞ்சிடாதா? இத்தன நாளு பொய்க் கார்டுன்னு வேலையவிட்டே தூக்குவான். உன் டப்பா வந்து எம் பொண்டாட்டிக்குச் சோறு போடுமா?"

டாக்டர்தான் பேசினார். "முதல்ல பிரிப்போம், தங்கராஜு. கம்பெனிக்கு என்ன சொல்றதுங்கிறத அப்புறம் பாப்போம். புதன்கிழமை மத்தியானம் கிளினிக் மூடியிருக்கும். குடும்பத்தோட வா."

புதன்கிழமை வந்தார்கள். பார்வதி அக்கா பிளாஸ்கில் கோப்பி கொண்டு வந்திருந்தார், ஏதோ பிக்னிக் மாதிரி. மாமனார் சலவைச் சட்டை போட்டிருந்தார். பத்து வயது மகள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் தட்டினேன்.

"அம்மை?"

"எனக்கு!" மகள் கை தூக்கினாள். கன்னத்துத் தழும்பைக் காட்டினாள். பரிசு வாங்கியது போல ஒரு முகம்.

"மூச்சிரைப்பு... பென்சிலின்... மாதவிலக்கு..."

"எல்லாம் எனக்குத்தான் டாக்டர்" என்றார் பார்வதி அக்கா. சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்து, "ஏங்க, பத்து வருசமா உங்க பேர்லயா இதெல்லாம்? வெக்கமா இல்ல?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க."

"இனிப்பு நீர்?"

மாமனார் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாமா, உங்களத்தான் கேக்குறாரு."

"எனக்கு எங்க இனிப்பு நீரு? மாப்பிள்ள பேருதானே போட்டிருக்கு. கவர்மெண்டு மாதிரி கம்ப்யூட்டரே சொல்லுது, அவருக்குத்தான். நான் லட்டு தின்னா என்ன தப்பு?"

"அப்பா!"

"சரி, சரி... எழுதிக்க தம்பி. எனக்குத்தான். கொஞ்சமா இருக்குன்னு எழுது."

இப்படியே போனது. இருமல் யாருக்கு, சிரங்கு யாருக்கு என்று சின்னச் சின்னச் சண்டைகள். ஒரு பேதிக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள் - கல்யாண வீட்டில் சாப்பிட்டதாம். பிறகு டாக்டர் படித்தார்.

"மூலம்?"

மாமனார் இந்த முறை நேராகப் பார்த்தார். "சத்தியமா நான் இல்ல." பார்வதி அக்கா தலையை ஆட்டினார். மகள், "மூலம்னா என்னம்மா?" என்றாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது... லோரி சீட்டு சூடு டாக்டர்..."

மேரி அக்கா மருந்தறைக்குள் ஓடிவிட்டார். சிரிப்பு மட்டும் வெளியே கேட்டது.

எல்லாம் முடிந்தது. நான் தங்கராஜு அண்ணனின் ஃபைலைத் திரையில் எடுத்தேன். கிளினிக்கிலேயே தடித்த கார்டு அவருடையது. இப்போது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரி. அதற்கும் அவர் உடம்பைக் காட்டவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, கவுண்டரில் நின்றபடி வாயால் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கராஜு... நான் உன்ன ஒரு தடவகூடத் தொட்டுப் பாத்ததில்ல."

"எனக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கேன்."

"உக்காரு. கைய நீட்டு."

பிரஷர் பட்டையைச் சுற்றினார். அமுக்கினார். காற்றை விட்டார். மறுபடி அமுக்கினார். பிறகு மற்ற கையில். பார்வதி அக்கா கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"பின்மண்டை வலிக்குமா?"

"லோரி ஓட்டுறவனுக்குத் தலை வலிக்காம வேற என்ன வலிக்கும்?"

"அதத்தான் இப்பச் சொன்னீங்களே அண்ணே" என்றது மருந்தறை.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தக் கொதிப்பு ரொம்ப அதிகமா இருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கணும். இதோட நீ ஜோகூர் போய் வந்துக்கிட்டிருக்க. எந்த வளைவுல உனக்குக் கண்ணு இருட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்."

அண்ணன் திரையைப் பார்த்தார். பத்து வருடம் குடும்பத்தையே கிளினிக்குக்குக் கூட்டி வந்தவர். ஒரு தடவைகூடத் தனக்கு என்று வந்ததில்லை. கார்டு அவருடையது. மருந்து எல்லாருக்கும். ஆளை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"அப்ப டேங்கரு?" என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

"இப்போதைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தி எழுதி என்ன பயன்? அந்தப் பட்டனை அமுக்கியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போய்விட்டது. துறைமுகச் சாலையில் எண்ணெய் டேங்கரோடு ஒருவர் கண் இருட்டி... வேண்டாம்.

முடிவு எடுத்தவர் பார்வதி அக்கா. பிளாஸ்கை மூடினார். "நாளைக்குக் கம்பெனிக்குப் போங்க. உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாங்க. தூக்குனா தூக்கட்டும். நான் கம்பத்துல, நம்ம வீட்டு வாசல்லயே, வடை போட்டு விப்பேன். நீங்க நடுரோட்டுல விழுந்தீங்கன்னா என்ன போட்டு விக்கிறது?"

"தனியாப் போக வேணாம்" என்றார் டாக்டர். "கார்டுல எழுதினது என் கை. நானும் வரேன்."

மேரி அக்காவின் முகம் மாறியது. கம்பெனி கோபப்பட்டுப் பேனலை வேறு கிளினிக்குக்கு மாற்றினால் முதலில் போவது அவர் வேலையாகத்தான் இருக்கும். அது டாக்டருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க, டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் ஒரு மலாய்க்கார அம்மா. முழுவதும் கேட்டாராம். பிறகு, "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்றாராம். "இத்தன நாளு யாரும் எப்படி இருக்கேன்னு கேக்கல, புவான்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அடுத்து அந்த அம்மா கேட்டது, "இப்படி இன்னும் எத்தனை பேர்?" அதற்கு டாக்டரும் வாய் திறக்கவில்லை, அண்ணனும் திறக்கவில்லை. திறக்காததிலேயே பதில் இருந்தது போலும்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. வேலை போகவில்லை. பேனலும் போகவில்லை. தூரத்து ஓட்டம் நிறுத்தம், அதுவரை கிடங்கில் வேலை. டேங்கருக்கு மூன்று மாதம் தவணை. அதற்குள் ரத்தக் கொதிப்பு இறங்கினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள். விஷயம் யூனியன் காதுக்குப் போய், குடும்பத்துக்கும் மருத்துவச் செலவு வேண்டும் என்று இப்போது பேச்சு நடக்கிறது. பேச்சுதான். இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை விட மாட்டோம் என்கிறார்கள். விடக்கூடாது.

டாக்டர் இப்போது மற்ற பேனல் கார்டுகளையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு குடும்பம். கம்பெனி தராத குடும்பத்து மருந்துச் செலவை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டேன். "அத உன் கம்ப்யூட்டர்ல ஏத்தாத" என்றார். நானும் புரோகிராமில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ஒரே பெயரில் எத்தனை தடவை மருந்து போனாலும், ஆளைத் தொட்டுப் பார்த்து பிரஷர் எழுதவில்லை என்றால் திரை நகராது. மேரி அக்கா தினமும் என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். எடுக்க மாட்டேன்.

கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று இதே பத்தியில் எழுதியவன் நான். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். நாம் சொன்னதை அது அப்படியே நம்பியது. தங்கராஜு அண்ணனுக்கு மாதவிலக்கு என்றோம், சரி என்றது. மனிதராக இருந்தால் சிரித்திருப்பார். அது சிரிக்காமல் தாளில் அடித்துக் கொடுத்தது. அப்படி அடித்துக் கொடுத்ததால்தான் நமக்கே கண் திறந்தது.

நேற்றைய கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் மாத்திரை, உப்பைக் குறைத்துச் சாப்பாடு, காப்பார் கடற்கரையில் தினமும் நடை - கூடவே மாமனார், லட்டு இல்லாமல். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். இந்த முறை சிரித்தார். கையெழுத்துப் போட்டார். வருகிற திங்கள்கிழமையிலிருந்து அண்ணன் டேங்கர் டிரைவர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிரஷர் காட்டினால்தான் தொடர்ந்து ஓட்டலாம்.

கம்பெனிக்கு விவரம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பிரின்டர் ஒரே ஒரு தடவைதான் கத்தியது. அரைத் தாள்கூட நிரம்பவில்லை. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா தம்பி, நானு?"

"இவ்வளவுதாண்ணே."

"அந்த... லோரி சீட்டு சூட்ட மட்டும் எடுத்துட முடியாதா?"

முடியாது என்றேன். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தடித்த பேனல் கார்டு இருந்தால், அதன் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவரை முதலில் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லுங்கள்.